நெடி வராத மிளகாய்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். திருமழிசையில் பித்தளைக் குழாய்களுக்குப் பாலிஷ் போடுகிற பட்டறையில் வேலை. பஸ்ஸில் நம் நிறுத்தம் வந்தால் "இறங்கணும்" என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள். அப்படிப்பட்டவன் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் இந்தக் கதையை எங்கள் அடுக்குமாடியில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சம்பந்தப்பட்டவனும் ஒருமுறை சொல்லிவிடலாம் என்று பார்த்தேன்.

என் மகள் தேன்மொழிக்கு அன்று காலை பதினொரு மணிக்கு லேப்டாப்பில் இன்டர்வியூ. படிப்பு முடிந்து ஒன்றரை வருஷமாக அலைந்து, கடைசிச் சுற்று வரை வந்த முதல் வேலை அதுதான். எனக்கு இரண்டாவது ஷிஃப்ட் என்பதால் வீட்டில் இருந்தேன். மனைவி சரசு நசரத்பேட்டையில் தங்கை வீட்டில் இருந்தாள். அங்கிருந்தே போனில் உத்தரவு வந்தது.

"புள்ளைக்கு சுத்திப் போடுய்யா. ஊரு கண்ணு பூரா அது மேலதான் கீது."

காய்ந்த மிளகாய், உப்பு, கடுகு எல்லாவற்றையும் கையில் மூடிக்கொண்டு மகளின் தலையைச் சுற்றினேன். "அப்பா, முடி கலையுது" என்று சிடுசிடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இனி அதை நெருப்பில் போட வேண்டும். நெடி ஏறி இருமல் வந்தால் திருஷ்டி இல்லை. வராவிட்டால் பலத்த திருஷ்டி. எங்கள் வீட்டில் காலகாலமாக நடக்கிற பரிசோதனை இது.

"ஜன்னலைச் சாத்து. அப்பதான் கரெக்டா தெரியும்" என்றாள் சரசு. சாத்தினேன். போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சுற்றிய மிளகாயை இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினேன்.

"இருமல் வந்துச்சா?"

"இல்ல."

"ஐயோ! அவ்ளோ கண்ணா? இன்னும் அஞ்சு போடு."

போட்டேன். புகை எழுந்தது. கண்ணில் நீர் வழிந்தது. (மகள் மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.) தொண்டை மட்டும் அசையவே இல்லை.

"இப்ப?"

"ஒண்ணும் இல்ல சரசு."

"எவ கண்ணுன்னு எனக்குத் தெரியும். டப்பாவுல கீறதைக் கொட்டுய்யா!"

கொட்டினேன். குண்டூர் மிளகாய்.

அறைக்குள்ளிருந்து "மை ஸ்ட்ரெந்த் இஸ்..." என்று மகளின் குரல் வந்தது. அதற்கு மேல் அவளுடைய பலம் என்னவென்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. இருமல், இருமலுக்கு மேல் இருமல். மாடியில் யாரோ இருமினார்கள். எதிர்வீட்டில் தும்மினார்கள். வாசல் கதவு இடிபட்டது.

"யோவ் அண்ணாத்தே! இன்னாய்யா, கேஸ் லீக்கா?" இது அசோசியேஷன் செயலாளர்.

கதவைத் திறந்தேன். கையில் புகைகிற கரண்டியோடு பூசாரி மாதிரி நின்றேன். பின்னாலேயே மகள் முகமெல்லாம் சிவந்து ஓடி வந்தாள்.

"அப்பா! ஸ்க்ரீன்ல மூணு பேரு பாத்துட்டு இருந்தாங்க. உடம்பு சரியில்ல போல, அப்புறம் பாக்கலாம்னு கட் பண்ணிட்டாங்க. போச்சு... எல்லாம் போச்சுப்பா!"

அவள் அழுதாள். அது நெடியால் வந்த கண்ணீர் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

நடைபாதை முழுக்க ஜனம். எல்லோரும் குனிந்து இருமிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் இருமலுக்கு நடுவே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடி ஜெயராணி சிஸ்டர். திருநெல்வேலிக்காரர். ஆஸ்பத்திரியில் நெஞ்சு வார்டில் நர்ஸ்.

"நாங்க எல்லாரும் இருமுதோம். நீங்க மட்டும் ஏன் அண்ணாச்சி இருமல?"

"பழகிடுச்சு சிஸ்டர்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"இதுக்கெல்லாம் பழகப்படாது அண்ணாச்சி. நம்மளக் கேட்டுக்கிட்டா இருமல் வருது? மூச்சுக்குழாய் சுவர்ல, காவலுக்கு நிக்க மாதிரி சின்னச் சின்ன செல்லு இருக்கு. புகையோ, ஒரு சொட்டுத் தண்ணியோ வழி மாறி வந்தா, அதுக்கு மொதல்ல தெரிஞ்சிரும். உடனே நரம்புக்குச் சேதி சொல்லும். நாம யோசிக்கதுக்குள்ள இருமல் வந்து வெளிய தள்ளிரும். நுரையீரலுக்கு அதுதான் வாசல் காவல். உங்களுக்கு மந்தமாயிட்டு போல." குரலைத் தாழ்த்தினார். "பீடியா, சிகரெட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் என் சட்டைப் பை பேசியது.

"அவரு அதையெல்லாம் உட்டு ஆறு வருசம் ஆவுது சிஸ்டர்!"

சமாளிக்க நானாக ஒரு இருமல் இருமிப் பார்த்தேன். சின்னக் குழந்தைகூட நம்பியிருக்காது. மகள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பட்டறைக்குப் பின்னால், டீக்கடை ஓரத்தில், ஆறு வருஷமாக நான் ஒளித்து வைத்திருந்ததை ஒரு பிடி மிளகாய் சொல்லிவிட்டது.

நான் வாய் பேசாதவன் என்று ஊருக்கே தெரியும். என் தொண்டையும் என்னைப் போலவே ஆகிப்போனது அன்றைக்குத்தான் தெரிந்தது. பித்தளைத் தூசியும் பீடிப் புகையும் இத்தனை காலம் உள்ளே போயிருக்கின்றன. தடுக்க வேண்டியது சத்தம் போடவில்லை. எனக்கு இருமலே வராது என்று பட்டறையில் நான் பீற்றிக்கொண்டதுகூட உண்டு. அதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

இன்றைக்கும் நான் டீ குடிக்கப் போய் வர ஐந்து நிமிஷம் கூடினால், "எங்க, ஒரு தபா இருமிக் காட்டு" என்கிறாள் சரசு. மாடியில் யாராவது மிளகாய் வறுத்தால், "அண்ணாத்தே, நெடி கீதா பாத்து சொல்லு" என்று செயலாளர் கீழே நின்று கத்துகிறார்.

அன்று சாயந்திரமே கம்பெனியிலிருந்து மகளுக்கு மெயில் வந்தது, மறுநாள் அதே நேரத்துக்குப் பேசலாம் என்று. அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்கக் கூடாது என்று மகள் சொன்னாள். அதனால் மறுநாள் காலை சிஸ்டர் என்னைத் தன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

பதினொரு மணிக்கு, நுரையீரலுக்கு எவ்வளவு பலம் என்று பார்க்க, ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். மூன்று முறை ஊதினேன். மகளுக்கு வேலை கிடைத்தது. என்னைப் பதினைந்து நாள் கழித்து மறுபடியும் வரச் சொன்னார்கள்.