ஆற்றங்கரைக் கல்லூரியில் இரண்டு இடம் காலி

ஒரு காட்டில் பதினோரு பொறியியல் கல்லூரிகளும் மிகக் குறைவான குட்டிகளும் இருந்தன.

முன்பு அப்படியில்லை. முயல் ஒரே பிரசவத்தில் எட்டுக் குட்டி போட்ட காலத்தில், கல்லூரி வாசலில் நிற்கும் வரிசை ஓடைவரை நீளும். அதைப் பார்த்துத்தான் இத்தனை கல்லூரிகளைக் கட்டினார்கள். பிறகு வளை வாடகை ஏறியது. புல் விலை ஏறியது. முயல்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டன. பிறந்த அந்த ஒன்றும், "நாலு வருஷம் படிச்சுட்டு வீடு வீடா பொட்டலம் கொடுக்கிறதுக்கு, இப்பவே கொடுத்துட்டுப் போறேனே?" என்று கேட்டது.

ஒரு கல்லூரிக்குக் கழுதைப்புலி தாளாளர். தாளாளர் என்பதால் 'அவர்' என்றே சொல்வோம். அவர் ஆசிரியர்களைக் கூப்பிட்டார்.

"ஆளுக்கு மூணு அட்மிஷன். வெள்ளிக்கிழமைக்குள்ள. முடியாதவங்க திங்கக்கிழமை வர வேண்டாம்."

பூரணி என்ற முள்ளம்பன்றி அங்கே பதினாறு வருடமாகக் கணக்கு நடத்தியது. ஒரு கீரியையும் ஒரு மரநாயையும் பிடித்துவிட்டது. மூன்றாவது கிடைக்கவில்லை. வெள்ளி மதியம், நோட்டீஸ் கட்டோடு தவமணி என்ற முயலின் வளைக்குப் போனது.

"வாங்க, உட்காருங்க. முள்ளைக் கொஞ்சம் மடக்கிக்கோங்க, பாய் கிழிஞ்சிடும்" என்றது தவமணி.

"உங்க பையனை எங்க காலேஜுல சேர்த்துடுங்க. பழைய பாடமெல்லாம் எடுத்தாச்சு. இப்ப எல்லாமே செயற்கை நுண்ணறிவுதான். ஹாஸ்டல்ல ஏசி. சேர்ந்த அன்னிக்கே லேப்டாப்."

"யார் நடத்துவாங்க?"

"நான்தான்."

"நீங்க கணக்கு டீச்சராச்சே?"

"லீவுல பத்து நாள் பயிற்சி கொடுத்தாங்க."

"சரி, உங்க பொண்ணை எங்க சேர்த்திருக்கீங்க?"

பூரணிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆற்றங்கரை அரசுக் கல்லூரியில. தாவரவியல். அவளா ஆசைப்பட்டு வாங்கின சீட்."

தவமணி காது இரண்டும் தரையில் படும்படி சிரித்தது. "ஏசி, லேப்டாப்னு இதையேதான் மேடம் காலையிலேருந்து நானும் அஞ்சு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன்" என்று பாய்க்கு அடியிலிருந்து தன் நோட்டீஸ் கட்டை எடுத்தது. அது ஓநாயின் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. அதற்கும் ஒரு மாணவர் குறைவு. அதன் மகனுக்கும் ஆற்றங்கரையில்தான் இடம் கிடைத்திருந்தது.



"எங்க காலேஜுல என் பையனைப் போட மனசு வரலை" என்றது தவமணி.

"எங்க காலேஜுல என் பொண்ணைப் போட எனக்கும் வரலை."

"உங்க காலேஜைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்க காலேஜைப் பத்தி எனக்கும் தெரியாது."

இரண்டுக்கும் நன்றாகத் தெரியும்.

பூரணி வீட்டுக்கு வந்தபோது மகள் பவழம் இலைகளை ஒட்டிவைக்கப் புது நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகளை மாற்றிச் சேர்த்துக்கொள்ளும் விஷயத்தைப் பூரணி சொன்னது.

"சீட் கிடைச்சாச்சேம்மா! இந்த மாதிரி காலேஜையெல்லாம் நீயே திட்டுவியே?"

"நான் திட்டுறது என் காலேஜை. இது முயல் ஆன்ட்டி காலேஜுடி."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"ரொம்ப நல்ல காலேஜுன்னு சொல்றாங்க."

"உனக்கு வேலை போயிடுமாம்மா?"

பூரணி காலண்டரில் திங்கட்கிழமையைப் பார்த்தது. பவழம் சான்றிதழை எடுத்துக் கொடுத்தது.

பொழுது சாய்வதற்குள் ஓடைப் பாலத்தில் அசல் சான்றிதழ்கள் கைமாறின.

"நீங்க முதல்ல விடுங்க."

"ஆசை தோசை! மூணு எண்ணுவோம், சேர்ந்தே விடுவோம்."

எண்ணின. விட்டன. திங்கட்கிழமை இரண்டும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டன. "அடுத்த வருஷம் ஆளுக்கு நாலு" என்றார் கழுதைப்புலி.

ஆற்றங்கரைக் கல்லூரியில் முதல்முறையாக இரண்டு இடம் காலியானது. காத்திருப்போர் பட்டியலில் யாருமில்லை. எனவே தாவரவியல் பேராசிரியர் நாரையும் நோட்டீஸ் அடித்துக்கொண்டு புறப்பட்டது. முதலில் தட்டியது பூரணி வீட்டுக் கதவை.

"வீட்டுல படிக்கிற பிள்ளை யாராவது இருக்கா?"

"பிள்ளை இருக்கேன் சார்" என்றது பவழம். "சர்டிபிகேட்தான் ஓநாய் பீரோவுல இருக்கு."

நீதி: உன் பிள்ளையைச் சேர்க்க மனம் வராத கல்லூரியில் அடுத்தவர் பிள்ளையைச் சேர்த்துவிடு, உன் பிள்ளையை அடுத்தவர் பார்த்துக்கொள்வார்.