முனிசிபல் பன்றிகள்

ஒஹாயோ நதிக்கரையிலுள்ள பெல்ஹேவன் நகரத்தின் மாண்புமிகு மேயர் எலைஹு பாங்ஸ், பதவியேற்ற முதல் வாரத்திலேயே பெரும் அவமானத்தைச் சந்தித்தார். அவர் மனைவி லவீனியா, பாரிஸ் மோஸ்தரில் தரையைக் கூட்டும் பாவாடை அணிந்து தேவாலயத்துக்குப் போனபோது, தெருவில் மேய்ந்த பன்றி ஒன்று அதன் விளிம்பில் ஏறி நின்றுவிட்டது. லவீனியா நகர்ந்தாள், பாவாடை நகரவில்லை.

மறுநாளே ஆணை பிறந்தது: 'நகரின் கண்ணியத்தை முன்னிட்டு, பன்றிகள் தெருக்களில் நடமாடுவது இதனால் தடை செய்யப்படுகிறது.'

காவலர்கள் பன்றிகளைக் கைது செய்து நகர மன்றத்துக் கொல்லையில் அடைத்தார்கள். அயர்லாந்திலிருந்து வந்து, ஊர்த் துணிகளை வெளுத்துப் பிழைத்த விதவை ஹனோரா, தன் பன்றியைத் தேடி மேயரின் அறைக்கே வந்துவிட்டாள்.

"ஐயா, குளிர்காலத்துக்கு எங்களுக்கு அத விட்டா வேற கறி கெடையாது. புள்ளைங்க பட்டினி கெடக்கும்."

"உன் பன்னி தெருவுல என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு?"

"குப்பையத் தின்னுச்சு. நீங்கதான் அள்ள ஆளே போடலியே."

"அனுமதி இல்லாம அரசாங்க வேலை பாக்கறது குத்தம்மா" என்றார் மேயர் வருத்தத்தோடு.

கோடை முடிவதற்குள் குப்பை ஜன்னல் மட்டத்துக்கு ஏறியது. காய்ச்சல் பரவியது. லவீனியாவால் பாவாடை என்ன, மூக்கைக்கூட வெளியே நீட்ட முடியவில்லை. மேயர் குழு அமைத்தார். குழு ஆழ்ந்து ஆராய்ந்து, குப்பை அதிகமாக இருப்பதாக அறிக்கை தந்தது. துப்புரவு ஒப்பந்தம், முறைப்படி, மேயரின் மைத்துனன் ஜேபஸுக்குக் கிடைத்தது. ஜேபஸ் யோசித்தான். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டான்.

"என்ன மச்சான், பன்னிங்கள மறுபடியும் தெருவுல விட்டுட்ட?"

"பன்னிங்க இல்ல அத்தான், ஊழியருங்க. காதைப் பாருங்க."

ஒவ்வொரு காதிலும் ஒரு பித்தளை வில்லை: 'நகரத் துப்புரவுத் துறை.'

அன்றுமுதல் அவற்றை விரட்டுவது, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்த குற்றமாயிற்று. லவீனியாவே பாவாடையைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டாள். ஹனோராவின் பன்றி அவள் வாசல் வழியாகவே கொழுகொழுவென்று வேலைக்குப் போய்வந்தது. அவளால் பார்க்கத்தான் முடிந்தது.

தேர்தல் நெருங்கியபோது ஹனோரா மறுபடி வந்தாள். கூடவே, ஓட்டுள்ள அவள் தம்பிகள். பின்னால் வாசல்வரை ஊரே திரண்டு நின்றது. மேயர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"பன்னியக் கேக்க வந்தியா?"

"ஐயய்ய, அது அரசாங்க வேலையில இருக்கு, நல்லா இருக்கட்டும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு வேண்டியவங்க பன்னியெல்லாம் மன்றத்துச் சோளத்தத் தின்னு கொழுத்து, ஓய்வு வாங்கிக்கிட்டு வீட்டுக்கே வந்துடுதாமே. எங்க வீட்டுல ரெண்டு குட்டி சும்மா கெடக்கு. எப்படியாவது சேத்துவிட்டீங்கன்னா, தம்பிங்க ஓட்டு உங்களுக்குத்தான். இங்க நிக்கற எல்லாருக்கும் இதே கோரிக்கைதான் ஐயா."

மேயர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மிடுக்காக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தகுதி?"

"படிப்பு ஒண்ணும் இல்லீங்க. நல்லாத் திங்கும்."

"அது போதும்" என்றார் மேயர்.