செல்லப்பாவின் ஃபார்மட் மகாத்மியம்

மனித குலம் கண்டுபிடித்த சுத்தங்களிலெல்லாம் தலையாயது, வீட்டுக் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்வது. குளித்தால் அழுக்கு மட்டும்தான் போகும். ஃபார்மட் செய்தால் குளித்த ஞாபகமும் சேர்ந்து போகும்.

இந்தப் பேருண்மை கொச்சியின் மட்டாஞ்சேரியில் முதலில் விளங்கியது செல்லப்பாவுக்குத்தான். கார்ப்பரேஷனில் கொசு ஒழிப்பு மேற்பார்வையாளர். எது தேங்கி நின்றாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். மகள் சுனிதா கல்யாணமாகி ஷார்ஜா போனதும், அவளோடு மெயிலில் பேசலாமென்று வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். ஒருநாள் அதில் வைரஸ் புகுந்தது. ரிப்பேர் கடை ஷாஜி வந்து, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக ஏற்றினான். பெட்டி சிட்டாய்ப் பறந்தது. செல்லப்பாவுக்கு மெய்சிலிர்த்தது.

“இத மாசாமாசம் பண்ணினா என்ன?”

“எதுக்கு சேட்டா? அசுகம் இல்லாதவனுக்கு ஆபரேஷன் பண்ணுவாங்களா?”

“கொசு கடிச்ச பெறகா மருந்தடிக்கிறோம்?”

‘விஞ்ஞானம்’ தோற்றது, ‘சுகாதாரம்’ வென்றது. ஷாஜி வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அதுமுதல் மாதத்தின் முதல் ஞாயிறு அந்த வீட்டில் விசேஷ நாள். செல்லப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்து, சிடியோடு உட்காருவார். ஃபார்மட் முடிந்ததும் கம்ப்யூட்டருக்குப் பிரிண்டரை அடையாளம் தெரியாது, ஸ்பீக்கர் பேசாது, மலையாள எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பார். எல்லாம் படித்துத் தேறும்போது அடுத்த மாதம் பிறந்துவிடும்.

குடியிருப்போர் சங்கத்திலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார். அரிசி மொத்த வியாபாரி சிகாபுதீன்தான் தலைவர்.

“வருஷத்துக்கு ஒருக்கா போதாதா, செல்லப்பா?”

“நீங்க வருஷத்துக்கு ஒருக்காவா குளிக்கிறீங்க, இக்கா?”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதைக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்த செயலாளர், தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு ஃபார்மட் செய்ததில் தீர்மானம் அழிந்தது. ஆகவே மாதந்தோறும் கூடி அதையே மறுபடி ஒருமனதாக நிறைவேற்றினார்கள். இத்தனை சுறுசுறுப்பான சங்கம் பக்கத்துக் கொச்சங்காடியில்கூடக் கிடையாது.

இதற்கிடையில் சுனிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருமகன் வெங்கிடேஸ்வரன் மெயிலில் படம் படமாக அனுப்பினான். செல்லப்பாவின் மனைவி ஓமனா அதுவரை மௌஸைத் தொட்டதில்லை. இப்போது அடுப்பை அணைத்ததும் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால்தான். குழந்தை கொட்டாவி விடும். கைவிரலைச் சப்பும். பல்லில்லாமல் முதல்முதலாகச் சிரிக்கும். ஓமனா திரையைத் தொட்டுத் தொட்டு முத்தம் வைப்பாள். செல்லப்பாவும் பின்னால் நின்று பார்ப்பார், சாயா ஆறிப்போகும்.

ஆனால் முதல் ஞாயிறு முதல் ஞாயிறுதானே.

கோயிலுக்குப் போயிருந்த ஓமனா திரும்பி வந்து உட்கார்ந்தாள். திரையில் பச்சைக் குன்று, நீல வானம். வேறொன்றுமில்லை.

“என்னங்க, பாப்பா எங்க?”

“எல்லாம் க்ளீன் பண்ணியாச்சு.”

“பாப்பாவையுமா?”

செல்லப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மெயிலில் இருக்குமே என்று தேடினார். தேங்கக் கூடாதென்று மெயிலையும் அவரே காலி செய்திருந்தார். உடனே ஷார்ஜாவுக்கு டயல் செய்தார்.

“மாப்ளே, பாப்பா படம் எல்லாத்தையும் இன்னொருக்கா அனுப்பணும்.”

“இங்க ஏது மாமா? போன வாரம் நீங்க ஃபோன்ல அவ்வளவு தூரம் சொன்னீங்களே. ஃபார்மட் பண்ணிட்டேன். இப்ப நல்ல ஸ்பீடு.”

“கேமராவுல இருக்குமே?”

“அதுலயும் ஃபார்மட்னு ஒரு பட்டன் இருந்துச்சு, மாமா.”

செல்லப்பா ரிசீவரை வைத்தார். அன்று அடுப்பு எரியவில்லை.

சங்கத்தின் ஆண்டு விழாவில், மட்டாஞ்சேரியின் ‘அதிவேகக் கம்ப்யூட்டர்’ வைத்திருப்பவர் என்று செல்லப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சிகாபுதீன் மைக்கைப் பிடித்தார்.

“தட்டினதும் தொறக்குது. இந்த வேகத்தோட ரகசியத்த நம்ம செல்லப்பா சொல்லணும்.”

செல்லப்பா பொன்னாடையின் நுனியை மடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் வரிசையிலிருந்து ஓமனா எழுந்தாள்.

“பேத்தியோட மொதல் சிரிப்ப அதுல ஏத்தி வெச்சிருந்தோம், இக்கா. அத இவர் எறக்கி விட்டுட்டார். ஆளேறாத வண்டி வேகமா ஓடாம என்ன செய்யும்?”

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.