சைக்கிள் ஹத்து, பஸ் ஹத்து

ஊறவைத்த அவரைக்கொட்டையை இடது கையால் பிதுக்கிக்கொண்டு, வலது கையால் இதை எழுதுகிறேன். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நின்றுவிடும், பருப்பு துள்ளிப் போய்ப் பாத்திரத்தில் விழும். சில சமயம் நோட்டில் விழுகிறது. அதனால் எழுத்து கலைந்திருந்தால் நான் அழுதேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் ஆறாவது வரைக்கும்தான் படித்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கடையில் கொத்தமல்லி கொசுறு கேட்பதற்குக்கூட வீட்டுக்காரர் லெஸ்லியைத்தான் அனுப்புவேன். ஆனாலும் நம் மைசூரில் பொதுமக்கள் நன்மைக்காக ஒரு பெரிய காரியம் நடந்திருக்கும்போது அதை எழுதாமல் விடுவது மரியாதை இல்லை.

அந்தக் காரியம், சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் நடந்த கல்யாணம்.

வீட்டிலிருந்து பஸ் வரைக்கும் சைக்கிளில் வரலாம். அந்தச் சைக்கிளைப் பஸ்ஸிலேயே மாட்டிக்கொண்டு போகலாம். இறங்கிய இடத்தில் மறுபடி மிதிக்கலாம். புகை கிடையாது, நெரிசல் கிடையாது, உடம்புக்கும் நல்லது. வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தானாம். மேலிடத்தில் ஒருத்தர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நம் ஊர் பஸ்ஸுக்கும் மூக்கில் வளையம் மாட்டின மாதிரி முன்பக்கம் ஒரு இரும்பு ஸ்டாண்டு வைக்கச் சொன்னார். மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, மைக்கில் பேசினார்கள். பஸ் மேலெல்லாம் கன்னடத்தில் பெரிதாக எழுதியிருந்தது: “சைக்கிள் ஹத்து, பஸ் ஹத்து.” சைக்கிளில் ஏறு, பஸ்ஸில் ஏறு.

எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. என் வீடு ஹின்கல் பக்கத்தில் உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் ஸ்டாப்புக்கு இரண்டு கிலோமீட்டர். நான் சமையல் வேலை பார்க்கும் பெண்கள் ஹாஸ்டல் சாமுண்டி மலை அடிவாரத்தில், கடைசி ஸ்டாப்பிலிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர். மூன்று வயசு மகள் ஜெனிஃபரை அங்கன்வாடியில் விட்டுவிட்டு எட்டரைக்குள் போய்ச் சேர வேண்டும். லேட்டானால் மேட்ரன் சுந்தராம்பாள் அம்மா ரெஜிஸ்டரில் என் பேருக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு போடுவார். ஒரு மாசத்தில் மூன்று கோடு விழுந்தால் மறுநாள் வரவேண்டாம். சைக்கிளும் பஸ்ஸும் சேர்ந்தால் என் வேலை தப்பிக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பொதுநலம்.

முதல் நாள் கண்டக்டர் கெம்பையண்ணன் என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் பேசுவது கன்னடம். நான் தமிழில் எழுதுகிறேன்.

“ஏனம்மா, இது லேடீஸ் சைக்கிளா, ஜென்ட்ஸ் சைக்கிளா?”

“லேடீஸ்ண்ணா. நடுவுல பார் இல்லை பாருங்க.”

“அப்ப டிக்கெட் ப்ரீ. ஆதார் காட்டு.”

காட்டினேன்.

“இது உன்னோடது. சைக்கிளோடது எங்கே?”

“சைக்கிளுக்கு எடுக்கலையேண்ணா...”

“பெண்களுக்குத்தான் ப்ரீ. பெண்ணுன்னு ஆதாரம் வேணுமா வேண்டாமா? சரி, இன்னிக்கு விடறேன். சீக்கிரம் எடுத்துடு. கைரேகை கேட்டா டயரை வெச்சுடு.”

மூன்று நாள் சொர்க்கம். மூன்று நாளும் மேட்ரன் அம்மா சிவப்புப் பேனாவை மூடியே வைத்திருந்தார். நாலாம் நாள் அடிவாரத்தில் இறங்கிச் சைக்கிளைக் கழற்றப் போனேன். சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் “10” என்று எழுதியிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை.

“அண்ணா, என் சைக்கிள்...”

“உன் சைக்கிள்னு சொல்லாதேம்மா. ஸ்டாக்குல சேர்ந்தாச்சு” என்றார் கெம்பையண்ணன். முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் சாவி இல்லை.

நடந்தது இதுதான். கன்னடத்தில் ஹத்து என்றால் ஏறு. ஹத்து என்றால் பத்து என்றும் அர்த்தம். எழுதுவதும் ஒரே மாதிரி, சொல்வதும் ஒரே மாதிரி. எந்த இடத்தில் எது என்று எங்கள் ஜெனிஃபருக்கே தெரியும். ஆனால் அவள் டிப்போ அதிகாரி இல்லை. டிப்போ அதிகாரி தொட்டையன் சார். அவருக்கு வந்த சுற்றறிக்கையில் முதல் பக்கம் மட்டும் வந்து, மீதிப் பக்கங்கள் வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டனவாம். முதல் பக்கத்தில் இருந்தது அந்த நாலு வார்த்தைதான். சைக்கிள் பத்து, பஸ் பத்து. சார் எண்ணிப் பார்த்தார். பஸ் பத்து இருந்தது. சைக்கிளுக்கு, பஸ் ஸ்டாண்டு மூலையில் வருஷக்கணக்காக யாரும் கேட்டு வராமல் கிடந்தவற்றைத் தூசி தட்டிச் சேர்த்ததில் ஒன்பது தேறியது. அதில் ஒன்றுக்கு ஒரு சக்கரம்தான். அதை அரை என்று எழுதுவதா ஒன்று என்று எழுதுவதா என்று இரண்டு நாள் பைல் சுற்றி, கடைசியில் ஒன்று என்றே பெருந்தன்மையாக எழுதினார்கள். பத்தாவது என்னுடையது.

பஸ்ஸுக்கு ஒரு சைக்கிள் வீதம் பத்து ஸ்டாண்டும் நிறைந்துவிட்டது. வேறு யாராவது சைக்கிளோடு வந்தால், “இடம் இல்லை, சைக்கிள் திட்டம் நடக்குது” என்று திருப்பி அனுப்பினார்கள். சைக்கிள் இல்லாமல் பஸ் நகரக் கூடாது என்றும் உத்தரவு.

என் சைக்கிள் தினம் எனக்கு முன்னால் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு காற்று வாங்கிக்கொண்டு போனது. நான் இரண்டு பக்கமும் நடந்தேன். ஒரு வாரத்துக்குள் இரண்டு சிவப்புக் கோடு.

“போய்க் கேளு. வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றார் லெஸ்லி. தானே போய்க் கேட்க அவருக்கு லீவு இல்லையாம். மனுப் படிவத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு நானே போனேன். தொட்டையன் சார் தங்கமான மனிதர். உட்காரச் சொன்னார்.

“சைக்கிள் பத்து, பஸ் பத்து. மேலிடம் தெளிவாச் சொல்லியிருக்கு. ஒண்ணைக் குடுத்துட்டா மீதி ஒன்பது. நான் என்ன பதில் சொல்றது?”

“சார்... அது... ஏறுன்னு அர்த்தம் சார்.”

“ஏறுன்னா யாரு ஏறணும்னு பேர் போட்டிருக்கணுமா இல்லையா? பேர் இல்லாம ஒரு உத்தரவு வருமா? எண்ணிக்கைன்னா பேர் வேண்டாம். அதனால இது எண்ணிக்கை.”

பக்கத்து மேஜையில் இருந்த சுலோசனா மேடம் இரக்கப்பட்டார். “சார், இந்தம்மா வேற ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து வெச்சுட்டு, இதை எடுத்துக்கட்டுமே.”

“நல்ல யோசனைதான். ஆனா நடுவுல ஒரு நிமிஷம் பதினொண்ணு ஆகுமே. அந்த ஒரு நிமிஷத்துல ஆடிட் வந்துட்டா?”

சுலோசனா மேடம் நடுங்கிவிட்டார். பிறகு சார் என் மனுவைப் படித்தார். “ஒரு கட்டத்தை நிரப்பலையே. அலுவலகத்துக்கு எப்படி வந்தீர்? எப்படிம்மா வந்தே?”

“நடந்து சார்.”

“அய்யோ! நடந்து வர்றவங்களுக்கு இந்தத் திட்டத்துல சம்பந்தமே இல்லையேம்மா. இது சைக்கிள்ல வர்றவங்களுக்கு.”

“என் சைக்கிள்தான் உங்ககிட்ட இருக்கே சார்.”

“அதுல ஏறி வந்து மனு குடு. அன்னிக்கே சைக்கிளைக் குடுத்துடறோம்.”

இவ்வளவு அன்பாகச் சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? கும்பிட்டுவிட்டு நடந்து வந்தேன்.

மறுநாள் காலை கர்த்தர் எனக்கு ஒரு ஆணி அனுப்பினார். அடிவாரத்தில் நான் இறங்கும்போது மணி எட்டேகால். நடந்தால் எட்டு நாற்பதுக்குத்தான் போவேன். மூன்றாவது கோடு. அப்போது கெம்பையண்ணன் விசில் ஊதினார்.

“யாரும் ஏறாதீங்க! பஞ்சர்! பஸ் போகாது!”

ஊருக்குத் திரும்பிப் போக நாற்பது பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தர் குனிந்து பார்த்தார். “டயர் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?”

“பஸ் டயர் இல்லைய்யா. சைக்கிள் டயர்.”

எதிர்க்கடையில் அஞ்சு நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள். அப்படியும் பஸ் போகவில்லை. கெம்பையண்ணன் டிப்போவுக்குப் போன் போட்டு, அதைத் தூக்கிப் பிடித்தார். தொட்டையன் சார் குரல் எல்லாருக்கும் கேட்டது.

“சைக்கிள் ஓடற நிலைமைல இருக்குன்னு யாராவது எழுதிக் குடுக்கணும். யாராவது ஓட்டிப் பாருங்க.”

“டிரைவர் ஓட்டட்டுமா சார்?”

“அவருக்கு ஹெவி லைசென்ஸ்தானே இருக்கு? அவ்வளவு லேசான வண்டியைத் தொடக்கூடாது.”

நாற்பது பேரும் சைக்கிளையே பார்த்தார்கள். எனக்கு அங்கன்வாடியில் அழுத ஜெனிஃபர் ஞாபகம் வந்தது, சிவப்புப் பேனா ஞாபகம் வந்தது. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் குரல்தான் என்று எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

“சார், நான் ஓட்டிப் பாக்கறேன் சார். ஹாஸ்டல் வரைக்கும் ஓட்டினா நல்லாத் தெரியும்.”

“பேஷ்! ஆனா தனியா விடாதீங்க. கண்டக்டர் மேற்பார்வை வேணும்.”

“நான் பஸ்ஸை விட்டு வரக்கூடாதே சார்” என்றார் கெம்பையண்ணன்.

“அப்ப பஸ்ஸோடு போ.”

நான் முன்னால் மிதித்தேன். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் பின்னாலேயே மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வந்தது. எட்டு இருபத்தொன்பதுக்கு ஹாஸ்டல் வாசலில் நின்றேன். மேட்ரன் அம்மா என்னைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

அன்று சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது. பத்தாம் நம்பர் சைக்கிளுக்குத் தினமும் பஸ் புறப்படுமுன் என் வீட்டிலிருந்து ஸ்டாப் வரை ஒரு சோதனை ஓட்டம், போய்ச் சேர்ந்தபின் ஹாஸ்டல் வரை ஒரு சோதனை ஓட்டம், வேலை முடிந்து திரும்பும்போதும் அதே மாதிரி. பதவியின் பேர், கௌரவத் தகுதிச் சோதனை அலுவலர். கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை, ஒரு ரப்பர் ஸ்டாம்பு. என் கையெழுத்து இல்லாமல் பஸ் நகராது. சைக்கிள் மட்டும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அது ஸ்டாக்கில்தான் இருக்கிறது. நான்தான் அதோடு சேர்ந்துவிட்டேன்.

போன வாரம் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் நான் சைக்கிளில், பின்னால் பஸ். போட்டோ எடுத்துக்கொண்டு, இணைப்பு என்றால் இதுதான் இணைப்பு என்று எழுதிக்கொண்டு போனார்கள். மீதி ஒன்பது சைக்கிளுக்கும் அலுவலர் வேண்டுமாம். தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாம் இப்போது சிபாரிசுக்கு வருகிறார்கள். லெஸ்லிகூட அந்த ஒரு சக்கரச் சைக்கிளுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்.

இப்போது மணி ஏழரை. ஜெனிஃபர் இன்னும் பால் குடித்து முடிக்கவில்லை. சோதனை ஓட்டத்தை மேற்பார்க்க வந்த பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கிறது, உள்ளே நாற்பது பேர். இது ட்ரிப்பில் சேராது, சைக்கிளை அழைத்துப் போக வந்தது, அதனால் நேரக் கணக்கு கிடையாது என்று தொட்டையன் சார் சொல்லியிருக்கிறார். சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று ஆளுக்கு ஒரு கை அவரைக்கொட்டை கொடுத்து அனுப்பினேன். ஜன்னல் வழியாகத் தோல் வந்து விழுந்துகொண்டிருக்கிறது.

அதில் மோலி என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். என் வயசுதான். இரண்டு தடவை இறங்கி வந்துவிட்டாள்.

“அக்கா, ஒரு கையெழுத்துதானே அக்கா. இன்னிக்கும் லேட்டானா எனக்கு மூணாவது தடவை. வேலை போயிடும்.”

எனக்கு மனசு கேட்கவில்லை. கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் சோதனை ஓட்டம் இல்லாமல் கையெழுத்து எப்படிப் போடுவது? பாத்திரத்தில் இன்னும் கால்படி கொட்டை இருக்கும்போது ஓட்டத்துக்கு எப்படிப் போவது? எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. அதனால் ஒரு மனுப் படிவத்தைக் கொடுத்து அன்பாகத்தான் சொன்னேன், எழுத்தில் கொடு தங்கச்சி, பார்க்கலாம் என்று. பாவம், பஸ் படியில் உட்கார்ந்து எழுதிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அதன் மேலும் இரண்டு பருப்பு விழுந்துவிட்டது.

“மேடம்! லிசா மேடம்! பத்து நிமிஷமா ஹாரன் அடிக்கிறோம் மேடம்!”

கெம்பையண்ணன் கூப்பிடுகிறார். இதோ, கையைக் கழுவிவிட்டு, ஸ்டாம்பை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் மனுவை ஒரு தடவை படித்துப் பார்த்து, அதில் எப்படி வந்தீர் என்ற கட்டத்தை மட்டும் அவள் சரியாக நிரப்பியிருந்தால், உடனே கிளம்பிவிடுவேன்.