ஒற்றர்களிடம் வாங்கிய கையெழுத்து

எண்ணாமல் என்னால் மாடிப்படிகூட ஏற முடியாது. (எங்கள் வீட்டில் பத்தொன்பது படி. கடைசிப் படி மட்டும் அரை அங்குலம் கூடுதல் உயரம். கொத்தனாரிடம் மூன்று முறை சொன்னேன், கேட்கவில்லை.) தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபத்திரண்டு முறை பொதுத்தேர்வு மையம் நடத்தி, ஒரு வினாத்தாள்கூட வெளியே போகாமல் காத்தவன். அப்பேர்ப்பட்ட நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது நிமிடத்தில் ஓர் உளவுத்துறையையே கவிழ்த்தேன்.

என் மருமகள் நந்தினி பெங்களூரில் வளர்ந்தவள். மகனுக்குத் தர்மபுரியில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே கணினி வேலை. பேச்சுத் துணைக்கு எங்களைத் தவிர ஆளில்லை. அங்கே அவள் நண்பர்களோடு ஆடிவந்தது ஒரு கதை விளையாட்டு. மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையைச் சொல்லி நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்பார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். (பகடைக்கு இருபது முகம். எண்ணிச் சரிபார்த்தேன்.)

அதை இங்கேயும் தொடங்க ஆசைப்பட்டாள். துணிக்கடை பஷீர் பாய் தன் கடை மாடியைக் கொடுத்தார். “இதுவும் சரியா வரலைன்னா நான் பெங்களூருக்கே போயிடறேன்னு உங்க பையன்கிட்ட சொல்லிட்டேன் மாமா” என்றாள், காய் நறுக்கிக்கொண்டே. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஐந்து பேர் ஆடும் விளையாட்டுக்குப் பதின்மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். அந்த ஞாயிறு காலை பார்த்து நந்தினிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது.

“நானூறு பிள்ளைங்களை மேய்ச்சவம்மா நான். நடத்திக் காட்டறேன்” என்றேன்.

அவள் தாளில் எழுதிக் காட்டினாள்: “நான் எழுதித் தர்றதைப் படிச்சாப் போதும். வேற எதுவும் செய்யாதீங்க மாமா.” கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

கதை இதுதான். தொப்பூர் கணவாயில் பழுதாகி நிற்கும் லாரியில் ஒரு ரகசியப் பெட்டி. அதை எடுத்து மொரப்பூரில் ரயிலேற்ற வேண்டும். பதின்மூன்று பேரும் நம் ஒற்றர்கள். ஆனால் அவர்களில் ஒருவர் எதிரியின் ஆள். யாருக்கு எந்த வேடம் என்பது அவரவர் உறைக்குள் இருக்கும். அந்தத் துரோகி யாரென்று தெரியாமலிருப்பதுதான் ஆட்டத்தின் உயிர்.

நந்தினி முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் கணவாயை வரைந்துகொண்டிருந்தாள். உறைகளையும் பெயர்ப் பட்டியலையும் என்னிடம் கொடுத்திருந்தாள். வினாத்தாள் கட்டுக்கு இத்தனை வருடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிய கை சும்மா இருக்குமா? பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அடிக்கோல் வைத்து நான்கு பத்தி பிரித்தேன்: வரிசை எண், பெயர், வழங்கப்பட்ட வேடம், கையொப்பம். பதின்மூன்று பெயரையும் வேடத்தையும் முத்து முத்தாக எழுதி, உறையோடு நோட்டையும் சுற்றுக்கு விட்டேன்.

ஏழாவதாகக் கையெழுத்துப் போட்டவர், லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் முருகேசன். பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: “சார், பாய்தான் துரோகின்னு போட்டிருக்குதுங்களே. இப்பவே புடிச்சிரலாமுங்களா, டீ குடிச்சிட்டுங்களா?”

“அட அல்லாவே! நான் இன்னும் கவரே பிரிக்கலீங்களே சார்!” என்றார் பஷீர் பாய்.

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும்தான் எனக்கு வியர்த்தது. “அப்ப ஆட்டம் முடிஞ்சுதுங்களா? பாப்பாரப்பட்டியில இருந்து பஸ் ஏறி வந்தனுங்க” என்றார் நர்ஸ் செல்வி. வாசலில் இரண்டு பேர் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். எனக்கு நந்தினியின் பெட்டி படுக்கை பெங்களூர் பஸ்ஸில் ஏறுவது தெரிந்தது.

நந்தினி வந்தாள். நோட்டை முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்தாள். என்னைத் திட்டக் குரல் இல்லை, முறைக்கவுமில்லை. ஒரு சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினாள். நான் காலை வணக்கக் கூட்டத்தில் சுற்றறிக்கை படிக்கும் குரலில் கணீரென்று படித்தேன்:

“தலைமையகத்தின் அவசரச் செய்தி. சற்று முன் உங்களிடம் சுற்றிவந்த பதிவேடு, எதிரிகள் தயாரித்த போலி. அதை நம்ப வேண்டாம். கையெழுத்து வாங்கிய கிழவர் எதிரியின் ஆள். பிடியுங்கள்.”

முற்றுப்புள்ளிக்குப் பிறகுதான் கிழவர் யாரென்று எனக்கு உறைத்தது. பதின்மூன்று தலைகள் திரும்பின. செருப்பு தேடியவர்களில் ஒருவர் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் என்னை விசாரித்தார்கள். “லாரி ஏத்தத்துல நிக்குதா, எறக்கத்துலயா? எத்தனை டன் லோடு? மறைக்காதீங்க சார்” என்று முருகேசன் மேசையைத் தட்டினார். செல்வி என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, “நாடி எகிறுதுங்க. பொய்யி” என்றார். என் பதில்கள் எல்லாம் நந்தினியின் சீட்டுகளாக வந்தன. நடுவே அவள் ஒரு கூட்டத்தைக் கணவாய்க்கும் ஒரு கூட்டத்தை ரயில் நிலையத்துக்கும் விரலசைவிலேயே அனுப்பினாள். ஒருவர்கூடச் சும்மா உட்காரவில்லை, கைப்பேசியை எடுக்கவில்லை. மணியும் பிரம்பும் வைத்துக்கொண்டு என்னால் முடியாததை, குரலே இல்லாமல் நாற்பத்தொரு சீட்டில் அவள் செய்தாள். (சீட்டுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.)

கடைசியில் பெட்டியை மொரப்பூரில் ரயிலேற்றும் பொறுப்பை, போலிப் பதிவேட்டால் அநியாயமாகப் பழி சுமந்த பஷீர் பாயிடமே ஒப்படைத்தார்கள். ரயில் கிளம்பியதும் பாய் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து, அப்போதுதான் பிரித்துக் காட்டினார். உள்ளே இருந்தது என் நோட்டில் இருந்த அதே சொல். துரோகி.

எழுந்த கூச்சலில் கீழே கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மாடியேறி வந்துவிட்டார்கள். “அடுத்தது எப்பங்க?” என்று முதலில் கேட்டவர் செல்வி. நந்தினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அவள் எழுதாமல் சொன்ன ஒரே பதில் அந்தச் சிரிப்புதான்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பஷீர் பாய் மாடியில் இப்போது இருபத்தாறு பேர். நந்தினி பெங்களூர் போகவில்லை. முருகேசன் மட்டும் நான் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

வீட்டில் நான் “இட்லி இருபத்தெட்டு” என்றால், என் மனைவி மருமகளைப் பார்த்து, “நம்பலாமா?” என்கிறாள். அவள் சட்னியைத் தாளித்துக்கொண்டே, “தலைமையகத்தைக் கேட்டுச் சொல்றேன் அத்தை” என்கிறாள்.

(இருபத்தெட்டுதான். இரண்டு முறை எண்ணினேன்.)