எண்பத்து நான்கு புள்ளி ஆறு

எடை குறைந்துகொண்டிருக்கும் மனிதனைப் போல அலட்டல் பேர்வழி உலகத்தில் கிடையாது. குறைந்துகொண்டிருந்த எடை நின்றுபோன மனிதனைப் போல அற்பனும் கிடையாது. ஒரே வருடத்தில் நான் இரண்டு பேராகவும் இருந்திருக்கிறேன். முதல் ஆளை என் குடும்பம் மன்னித்துவிட்டது.

கல்பாக்கத்தில் எனக்குக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. தராசு, வெப்பமானி, அழுத்தமானி என்று எது மேஜைக்கு வந்தாலும் அது சொல்வது நிஜமா பொய்யா என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்து மூன்று வருடம் இதையே செய்தவனுக்கு, உலகத்தில் எல்லாமே கொஞ்சம் தப்பாகக் காட்டுவதாகவும், சரியாக இருப்பது தான் ஒருவன்தான் என்றும் தோன்ற ஆரம்பித்துவிடும்.

வருடாந்திரப் பரிசோதனையில் டாக்டர், "சுகர் உங்க வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு நிக்குது சார்" என்றார். அன்றைக்கு நான் தொண்ணூற்று மூன்று கிலோ. மறுநாளே என் மனைவி கலா என்னைக் கொண்டுபோய்ப் புதுப்பட்டினத்தில் எஸ்தர் நடத்தும் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்த்தாள். மொபைல் கடைக்கு மேலே முதல் மாடி. எஸ்தருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். படாளத்துக்காரப் பெண். அப்பா கரும்பு வெட்டும் கூலி. அந்த வீட்டிலிருந்து உடற்கல்வி படித்து, வங்கிக் கடனில் இந்தக் கூடத்தைத் தொடங்கியிருந்தாள். எல்லோரும் அவளை 'எஸ்தர் மேடம்' என்பார்கள். நான் 'ஏம்மா' என்பேன். (வயதில் பெரியவன் என்பதற்காக என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.)

முதல் நான்கு மாதம் ராஜ வாழ்க்கை. சனிக்கிழமை தோறும் காலையில் எஸ்தர் எல்லோரையும் எடை மெஷினில் ஏற்றி, சுவரில் ஒட்டிய அட்டவணையில் எழுதுவாள். என் பெயருக்கு நேரே எண்கள் படி இறங்குவது போல இறங்கின. அலுவலக பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கினாலும் விடாமல் மாவுச்சத்தைப் பற்றிப் பேசினேன். மதுராந்தகத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், எதிர் வரிசையில் இருந்த முன்பின் தெரியாத பெரியவரிடம், "அந்த ரெண்டாவது ஜாங்கிரி உங்களுக்குத் தேவையா?" என்று கேட்டேன். அவர் மணமகனின் தாய்மாமன். கலா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது.

அப்புறம் எண்பத்து நான்கு புள்ளி ஆறு வந்தது. அடுத்த சனிக்கிழமையும் அதுவே. அதற்கடுத்ததும் அதுவே.

நான் சும்மா இருக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். பெல்ட்டைக் கழற்றினேன். வெள்ளிக்கிழமை முடி வெட்டிக்கொண்டு போனேன். மூச்சை முழுசாக வெளியே விட்டுவிட்டு ஏறினேன். (மயக்கம்தான் வந்தது.) ஆறாவது வாரம் மீசையையும் எடுத்தேன். என் மகள் நிவேதா கதவைத் திறந்துவிட்டு, "யார் வேணும் அங்கிள்?" என்றாள். மெஷின் மட்டும் என்னை மிகச் சரியாக அடையாளம் கண்டுகொண்டது: 84.6.

எஸ்தர் பொறுமையாகத்தான் சொன்னாள். "சார், இது எல்லாருக்கும் வர்றதுதான். மொதல்ல நீங்க கொறச்ச சாப்பாடு தொண்ணூத்தி மூணு கிலோ ஆளுக்குக் கம்மி. இப்ப நீங்க எண்பத்தி நாலு கிலோ ஆளு. இவருக்கு அது சரியாப் போச்சு. அதான் அப்டியே நின்னுகினு கீது. ஒரு வாரம் இன்னா இன்னா சாப்டுறீங்களோ ஒரு நோட்டுல எழுதினு வாங்க. எங்க கொறைக்கலாம்னு பாக்கலாம்."

எனக்கா நோட்டு? ஊருக்கே சான்றிதழ் எழுதுகிறவனுக்கா? "நான் சாப்பிடுறது எனக்குத் தெரியும்மா" என்றேன்.

ஏழாவது சனிக்கிழமை எனக்கு முன்னால் வங்கியில் வேலை பார்க்கும் வசந்தி அம்மா ஏறினார். நானூறு கிராம் குறைவு. எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஏறினேன். 84.6. யாரோ பின்னால், "சாருக்கு ஸ்டாம்ப் அடிச்சு வெச்சிட்டாங்க போல" என்றார்கள். இறங்கித் திரும்பி, என் அலுவலகக் குரலில், "இந்த மெஷின் தப்பு" என்றேன்.

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். "மத்தவங்களுக்குக் கொறையுதே சார்."

"குறைவாகக் காட்டுவதும் தப்புதான். எண்பதுக்கு மேலே போனால் உள்ளே இருக்கும் சென்சார் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும். என் தொழிலே இது. உனக்குப் புரியாது."

அதோடு விட்டிருந்தால் இது வெறும் அசட்டுத்தனம். அன்று மாலை, நாற்பத்தொரு பேர் இருந்த கூடத்தின் வாட்ஸ்அப் குழுவில் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். தவறான அளவீட்டின் ஆபத்துகள், சரிபார்க்கப்படாத கருவிகள் என்று பாதி. கடைசி வரி இது: 'படாளத்தில் கரும்பு எடை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் இதைவிட நுணுக்கமான அளவீட்டை எதிர்பார்த்தது நம் தவறு.' எழுதி முடித்ததும் நன்றாக வந்திருப்பதாகவே தோன்றியது. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அனுப்பினேன்.

குழுவில் கலாவும் இருந்தாள். தன் போனில் படித்துவிட்டு அடுக்களையிலிருந்து வந்தாள். "கடைசி வரியை ஏங்க எழுதினீங்க?"

"சும்மா ஒரு நகைச்சுவைக்கு."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

நான் துறை நிபுணன் என்பதால் எல்லோரும் நம்பிவிட்டார்கள். அந்த வாரம் பதினொரு பேர் வருவதை நிறுத்தினார்கள். எனக்கு அது வெற்றியாகப்பட்டது. முறையாக நிரூபித்துவிடலாம் என்று, 'ஞாயிறு காலை எட்டு மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் சோதனை. விருப்பமுள்ளவர்கள் வரலாம்' என்று குழுவில் அழைப்பும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அரிசி மண்டி கோதண்டத்திடம் போய் நான்கு இருபது கிலோ எடைக்கல் இரவல் கேட்டேன். அரசு முத்திரை போட்ட இரும்புக் கல். அவர், "எஸ்தர் பாப்பா ஜிம்முக்கா? எட்துனு போ" என்றார். ஊருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது என்று பெருமையாக இருந்தது.

ஆட்டோக்காரர் தேவா கற்களை ஏற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரையாவது கட்டிக் கடல்ல எறக்கப் போறியா சார்?"

"ஒரு உண்மையை வெளிக்கொண்டு வரப் போறேன்."

"அதுக்கு எண்பது கிலோவா?" என்றார்.

மாடிப்படியில் கைகொடுக்கச் சொன்னதற்கு முதுகுவலி என்றுவிட்டார். நான்கு கல், நான்கு நடை. நான்காவது கல்லை மேலே கொண்டுவந்தபோது பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. கூடத்தில் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மீசை இல்லாத ஒருவன் இரும்புக் கல்லோடு மூச்சிரைக்க நிற்பதைச் சிலர் படமெடுத்தார்கள். எஸ்தர் பெருக்கி முடித்துவிட்டுத் துடைப்பத்தை மூலையில் வைத்தாள். "வாங்க சார்" என்றாள். அவ்வளவுதான்.

முதல் கல்லை மெஷினில் வைத்தேன். 20.0. "கீழே சரியாகத்தான் காட்டும்" என்று கூட்டத்துக்கு விளக்கினேன். இரண்டாவது. 40.0. மூன்றாவது. 60.0. "இப்போது கவனியுங்கள்" என்று சொல்லி நான்காவதை வைத்தேன்.

80.0.

தரை மட்டமாக இல்லை என்று சொல்லி மெஷினை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். 80.0. கற்களின் மேல் எஸ்தரின் ஐந்து கிலோ டம்பெல் ஒன்றைத் தூக்கி வைத்தேன். 85.0. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"கல்லு தேய்ஞ்சிருக்கலாம்" என்றேன்.

வாசல் பக்கமிருந்து, "இன்னா சார் பேசுற?" என்று ஒரு குரல் வந்தது. கோதண்டம் வேடிக்கை பார்க்க வந்து நின்றுகொண்டிருந்தார். "இந்த வருசம்தான் முத்திரை போட்டுகினு வந்தேன். எஸ்தர் பாப்பா மாசம் பொறந்தா இதே கல்லத்தான் வந்து வாங்கினு போவும், மெஷின் சரியாக் கீதான்னு பாக்க. நீ கேக்கசொல்ல, அதுதான் உன்ன அனுப்பிச்சிதுன்னு நெனச்சேன்."

எஸ்தர் மேஜையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி. இருபது, நாற்பது, அறுபது, எண்பது. நான் என் ஆய்வுக்கூடத்தில் எழுதுவதைவிடச் சுத்தமான கையெழுத்து. அவள் மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"எங்க நைனாவுக்கு வெட்ன கரும்புக்கு டன் கணக்குலதான் கூலி. மேஸ்திரி சொன்னதுதான் எடை. அவுரு ஒரு நாள்கூட அத நம்புனது கெடயாது, கேட்டதும் கெடயாது. அதான் சார் இத மட்டும் நான் சரியா வெச்சிக்கினு கீறேன்."

அந்த இடத்தில் ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான், "சரி, ஆபீஸ்ல இன்னும் துல்லியமான கருவி இருக்கு, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். இறங்கினேன் என்பதுகூட மரியாதையான சொல். கற்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

தேவா ஆட்டோவில் காத்திருந்தார். "கல்லு இன்னாச்சு சார்?"

"போப்பா."

"அப்ப உண்மை?"



இரண்டு நாள் குழுவில் வாயைத் திறக்கவில்லை. சோதனைக்கு வந்தவர்கள் நாகரிகமாக மௌனமாக இருந்தார்கள். வராதவர்கள், மெஷின் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் தவிர யாரும் அதைத் திருத்த முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

புதன்கிழமை அலுவலக பஸ்ஸில் பின் இருக்கையிலிருந்து ஒரு சகா என் தோளைத் தட்டினார். "உங்க மெசேஜைப் பார்த்துத்தான் நானும் என் மிஸஸை நிறுத்திட்டேன். கரெக்டாச் சொன்னீங்க. கரும்பு வெட்டுற கூட்டத்துக்கு அளவெல்லாம் என்ன தெரியும்?" சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த இருவரும் சிரித்தார்கள். நான் எழுதியதை அவர் கூட்டிச் சொல்லவில்லை. நான் எழுதியது அதுதான். இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் அதன் சரியான எடை எனக்குத் தெரிந்தது.

"மெஷின் சரி. நான்தான் தப்பு" என்றேன். பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுபடி சொன்னேன். இப்போது ஓட்டுநர் உட்பட எல்லோருக்கும் கேட்டது.

அன்று மாலை கூடத்துக்குப் போனேன். எஸ்தர் படிக்கட்டில் எதிரே வந்தாள். இரண்டு கைகளிலும் இருபது இருபது கிலோ கல். நான் நான்கு நடையில் செத்துப் பிழைத்த சுமை அவளுக்கு இரண்டு நடை. நான் ஒன்றை வாங்கக் கையை நீட்டினேன். தரவில்லை.

"எஸ்தர் மேடம், நான் செஞ்சது தப்பு. எழுதினது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுடுங்க."

கற்களைப் படியில் வைத்தாள். "எங்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? எழுதினது குரூப்புலதானே? அங்க போடுங்க."

போட்டேன். முந்தைய கட்டுரை முப்பது வரி. இது நான்கு வரி. எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசி வரிக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒவ்வொருவராக அந்தப் பதினொரு பேருக்கும் போன் செய்தேன். ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் வரவேயில்லை. அவர்களில் ஒருவரைச் சந்தையில் எப்போதாவது பார்க்கிறேன். இன்றும் கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறேன்.

எஸ்தர் கேட்ட நோட்டையும் எழுதினேன். ஒரு வாரம், உண்மையாக. நின்றுகொண்டு தின்றது, மகள் தட்டில் மிச்சம் வைத்த தோசை, டீயோடு வரும் முறுக்கு, 'சும்மா ருசி பார்த்த' வறுத்த முந்திரி எல்லாம் சேர்த்து. எஸ்தர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சார், இது ஒரு ஆளு நோட்டா?" என்றாள். ஐந்து வாரம் கழித்து மெஷின் 84.1 என்றது. நான் கை தட்டவில்லை. மெஷினுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை இன்றும் ஓடுகிறது. சாம்பாரில் உப்பு குறைவு என்றோ, கடிகாரம் ஐந்து நிமிடம் பின்னால் போகிறது என்றோ நான் வாயைத் திறந்தால் போதும், நிவேதா, "கோதண்டம் அண்ணன்கிட்ட கல்லு வாங்கிட்டு வரட்டுமாப்பா?" என்பாள். போன மாதம் நிவேதாவைக் கட்டிய புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்திருந்தார். சோறு சற்றுக் குழைந்துவிட்டது என்றேன். மாப்பிள்ளை இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "மாமா, இருபது கிலோ கல்லா, அம்பது கிலோ கல்லா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மீசை, ஆட்டோ, நான்கு நடை, 80.0 எல்லாவற்றையும் கலா அழகாகச் சொல்வாள். வாட்ஸ்அப்பில் நான் எழுதிய அந்தக் கடைசி வரியை மட்டும் சொல்ல மாட்டாள். மாப்பிள்ளைக்கு இதுவரை அது தெரியாது. என்மேல் உள்ள இரக்கத்தால்தான் விட்டுவிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதை இங்கே ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் நானே எழுதி வைத்திருக்கிறேன்.