டியூக் மீதான உள்விசாரணை

மனிதகுலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு எது என்று யாராவது கேட்டால், நெருப்பு, சக்கரம் என்றெல்லாம் இழுக்காமல் 'உள்விசாரணை' என்று சொல்லிவிடுவேன். நெருப்பு சுடும். சக்கரம் காலில் ஏறும். உள்விசாரணையால் இதுநாள்வரை எந்த நிர்வாகத்துக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் சேஃப்டி ஆபீசர். பாதுகாப்பு அதிகாரி என்று தமிழில் சொன்னதால் என் மாமியார் கல்யாணமான புதிதில் என்னை வாட்ச்மேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். மெஷினில் யார் கையாவது மாட்டினால், கட்டுப் போட்டு வந்ததும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஐந்து முறை 'ஏன்' கேட்பது என் வேலை. கையை ஏன் உள்ளே விட்டாய்? ஏன் அவ்வளவு அவசரம்? இப்படியே போனால் ஐந்து முடிவதற்குள் ஆசாமி, 'என் கவனக்குறைவுதான் சார்' என்று சொல்லிவிடுவார். போன மாதம் பிரஸ் மெஷினில் விரல் நசுங்கிய ஜெகதீசன் மூன்றாவது 'ஏன்'னிலேயே சொல்லிவிட்டார். மெஷினுக்குத் தடுப்பு மூடி இல்லை என்பது நான்காவதில்தான் வந்திருக்கும். மூன்றிலேயே முடிந்ததால் அந்தப் பேச்சு எழவில்லை. இப்படிக் கிடைக்கும் ஒப்புதல்களை இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் நடித்தே காட்டுவேன்.

இந்த மகத்தான முறையை வீட்டுக்கும் கொண்டுவரும் பாக்கியம் டியூக் மூலம் கிட்டியது. டியூக் எங்கள் ஜெனரல் மேனேஜர், அதாவது ஜி.எம்., வளர்த்த லாப்ரடார் நாய். ஒரு வருட வேலையாக அவர் புனே கிளம்பியபோது, "நீதான் பொறுப்பானவன்" என்று சங்கிலியை என் கையில் கொடுத்தார். அவர் திரும்பி வந்ததும் எனக்குப் பதவி உயர்வு என்று ஒரு பேச்சும் இருந்தது. அதனால் திருவொற்றியூரில் எங்கள் சின்ன வீட்டுக்குள் டியூக் காலெடுத்து வைத்தபோது, நிர்வாகமே வந்துவிட்டதாக எண்ணி எழுந்து நின்றேன்.

முதலில் கடிபட்டவர் என் மாமியார் பச்சையம்மா. எம்.கே.பி. நகரிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்தவர், டியூக்கின் தலையைத் தடவினார். மணிக்கட்டில் நான்கு பற்கள் பதிந்தன. ஊசி போட்டு அழைத்து வந்ததும் நாற்காலியைப் போட்டேன். ஏன் தடவினீர்கள் என்று கேட்டேன்.

"அது மூஞ்ச சுருக்கிகினு கெடந்துச்சி நைனா. பாவமா இருந்துச்சி."

சம்பந்தமில்லாத தகவல் என்று அதை ஒதுக்கிவிட்டு, 'அனுமதியின்றித் தொடுதல்' என்று தீர்ப்பளித்தேன். மாமியாருக்கு 'மறுபயிற்சி' தேவை என்றும் பரிந்துரைத்தேன். மறுநாள் காலை அவர் காபிகூடக் குடிக்காமல் தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்து மைத்துனன் செங்குட்டுவன். கழுத்துப் பட்டை இறுக்கமாக இருக்கிறதே என்று தளர்த்தப் போய்க் கடி வாங்கினான். காரணம்: 'ஆர்வக்கோளாறு'. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மாமு, கடிச்சது நானா அதுவா?" என்று கேட்டான். 'விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை' என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாவது என் மனைவி மதி. டியூக்கைக் குளிப்பாட்டும்போது தலையில் தண்ணீர் ஊற்றினாள், தோளில் கடி வாங்கிக்கொண்டாள். 'உரிய உபகரணங்கள் இன்றிப் பணியாற்றியது' என்று முடிவானது. உடனே நடவடிக்கையில் இறங்கினேன். டியூக் படுக்கும் மூலையைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டேன். 'பாதுகாப்பு நம் அனைவரின் பொறுப்பு' என்ற போஸ்டரை ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். தொழிற்சாலையிலிருந்து தோல் கையுறை கொண்டுவந்து கொடுத்தேன். மதி அந்தக் கையுறையோடு தோசை வார்த்தாள். இது ஒத்துழைப்பா எதிர்ப்பா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. தட்டை வைத்துவிட்டு அவளே தெளிவுபடுத்தினாள்.

"இன்னொரு தபா அது யாரையாவது கடிச்சிது, நான் கொயந்தைய இட்டுகினு எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன். நீயும் உன் ஜி.எம். நாயும் குடும்பம் நடத்துங்க."

என்னை அது ஒருமுறைகூடக் கடிக்கவில்லையே என்று சுட்டிக்காட்டினேன். அது ஒழுங்குக்குக் கிடைத்த மரியாதை என்றும் விளக்கினேன். நான் அதைத் தொட்டதே இல்லை என்பதைச் சொல்லவில்லை. தினமும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று குட்மார்னிங் வைப்பதோடு சரி.

பிறகு மகிழினி. மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள். பள்ளியில் நடந்ததையெல்லாம் டியூக்கிடம் ரகசியமாகச் சொல்வது அவள் வழக்கம். அன்று இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று அதன் காது மடலைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கையைக் கவ்விவிட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் வேகமாகப் போகச் சொல்லி டிரைவரை அதட்டிக்கொண்டே போனேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் மதி பையை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில், நாற்காலியை இழுத்துப் போட்டேன். மகிழினி தானே வந்து அதில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னாள்.

"என் கவனக்குறைவுதான்ப்பா."

என் சர்வீஸில் ஒரு 'ஏன்'கூடக் கேட்காமல் கிடைத்த முதல் ஒப்புதல் அது. எனக்குள்ளிருந்த அதிகாரி ஒரு கணம் பூரித்தே போனார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். என்ன தண்டனை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அசிங்கமாக இருந்தது.

மதி துணி அடுக்குவதை நிறுத்தினாள்.  துப்பட்டாவால் டியூக்கின் வாயைக் கட்டி, சங்கிலியை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து "வா" என்றாள்.

டோல்கேட் ஏரியாவில் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை டாக்டர் பெர்சிஸ் அதன் காது மடலைத் தூக்கி டார்ச் அடித்தார். அறை முழுக்க நாற்றம் எடுத்தது. உள்ளே சீழ் வைத்திருந்தது. மாதக்கணக்கில் வலித்திருக்கும், தலைப்பக்கம் யார் கை வைத்தாலும் உயிர் போயிருக்கும் என்றார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு பேரைக் கடிச்சிருக்குன்னு சொல்றீங்க. ஒருத்தர்கூட நாயைப் பார்க்கலையா?"

 மதிதான் பதில் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு சேஃப்டி ஆபீசரு மேடம்."

டாக்டர் டார்ச்சை அணைத்தார். மருந்து எழுத ஆரம்பித்தார்.

டியூக்குக்குக் குணமாகிவிட்டது. கோபம் தணிந்து மறுபடி வரப் போக இருக்கும் மாமியார் மடியிலேயே இப்போது தலை வைத்துத் தூங்குகிறது. மதி பையைக் காலி செய்துவிட்டாள். போஸ்டரையும் கிழித்துவிட்டாள். ஜெகதீசனின் மெஷினுக்கு இன்னும் மூடி வரவில்லை; கேட்க வேண்டியவன் நான், நானும் இன்னும் கேட்கவில்லை.

நேற்று என் கை தவறிக் கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மகிழினி ஓடிவந்தாள். உடைந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "என் கவனக்குறைவுதான்ப்பா" என்றாள்.

டியூக் கடித்ததற்கு ஊசி இருந்தது. நான் கடித்ததற்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது?